வேலை போனவர் எதிரே வந்து உட்காரும்போது

வேலை போய் வந்திருப்பவரிடம் எடுத்த எடுப்பிலேயே "கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிவிடாதீர்கள். அதை மாமனார் சொல்லியிருப்பார், டீக்கடைக்காரர் சொல்லியிருப்பார், கூடப் படித்தவர்கள் வாட்ஸாப்பில் கைகூப்பும் படத்தோடு அனுப்பியிருப்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப் போய்த்தான் உங்கள் படி ஏறி வந்திருக்கிறார். நீங்களும் அதையே சொன்னால் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போவார், மறு வாரம் வரமாட்டார்.

நான் சேலம் அம்மாபேட்டையில் ஒரு நூல் கடைக்கு மேல் மாடி அறையில் வேலை வழிகாட்டல் செய்கிறேன். அதற்கு முன் ஒரு நூற்பாலையில் லேபர் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். ஷிஃப்ட் குறைப்பதும் ஆள் குறைப்பதும் எப்படி நடக்கும் என்பதை மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவள். இப்போது என்னிடம் வருகிறவர்களில் தறி நின்றுபோன நெசவாளி உண்டு, ஆர்டர் இல்லாத கொலுசுப் பட்டறைக்காரர் உண்டு, பெங்களூரில் ஐடி வேலை போய் அம்மா வீட்டுக்கே திரும்பிய பிள்ளைகள் உண்டு. ஐடிஐ பயிற்றுநர்களும் கல்லூரியில் பிளேஸ்மென்ட் பார்க்கிறவர்களும் "அவங்ககிட்ட என்னதான் பேசுறீங்க?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது. நல்ல காலத்தில் ரெஸ்யூமே திருத்திக் கொடுத்தால் போதும். கெட்ட காலத்தில் அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை நிறைய.

முதலில் கையிருப்பு

ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நடுவில் வையுங்கள். வாடகை, பால், பள்ளிக் கட்டணம், குழுக் கடனின் வாரத் தவணை, அடகு வைத்த நகையின் வட்டி, கைபேசி ரீசார்ஜ் என்று எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். அவரே எழுதட்டும். இன்னொரு பக்கம் கையில் இருப்பது, வர வேண்டியது. வர வேண்டியதில் முக்கால்வாசிப் பேர் பாதியை மறந்திருப்பார்கள். கடைசி மாதச் சம்பள பாக்கி, போனஸ், பிஎஃப், 5 வருஷம் தொடர்ந்து வேலை செய்த நிரந்தரத் தொழிலாளி என்றால் பணிக்கொடை. பிஎஃப் கணக்கில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு பெயர் என்று இருந்தால் பணம் நகராது. அந்த எழுத்துப் பிழையைத் திருத்துவதுதான் சில பேருக்கு என்னிடம் நடக்கும் முதல் வேலையே.

எல்லாம் கூட்டிக் கழித்தபின் ஒரு தேதி வரும். "இந்தத் தேதி வரைக்கும் வீடு ஓடும்." அதைத் தாளின் மேல் பெரிதாக எழுதுங்கள். நல்ல தேதியாக இருக்காது. ஆனாலும் ராத்திரி முழுக்க உருட்டிக்கொண்டிருந்த பயத்துக்கு ஒரு எல்லை கிடைத்துவிடும். இரண்டு வாரம்தான் தாங்கும் என்றால் இன்றைக்குப் பேச வேண்டியது நாளைக் கூலியைப் பற்றி. லாரி ஷெட்டோ கேட்டரிங்கோ ஜவுளிக்கடையின் பண்டிகை வேலையோ, கிடைத்ததில் போகச் சொல்லுங்கள், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. நாலு மாதம் தாங்கும் என்றால் ஒரு பயிற்சிக்குச் சேரலாமா என்று யோசிக்கலாம். இந்த இருவருக்கும் ஒரே அறிவுரையைக் கொடுப்பதுதான் வழிகாட்டல் வகுப்புகளில் நடக்கிற பெரிய அபத்தம்.

காசைப் பற்றிப் பேசுவது வழிகாட்டியின் வேலையா என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். அவர்களுக்கு நான் மரியன்தால் கதையைச் சொல்வேன். ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். நம்ம ஊர் மாதிரியே நூலையும் துணியையும் நம்பிப் பிழைத்த ஊர். 1930 வாக்கில் ஆலை மூடியது, ஊரே வேலையில்லாமல் நின்றது. மரீ யகோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் ஆகியோர் தங்கள் குழுவோடு அங்கே போய் வீடு வீடாகப் பார்த்து, 1933இல் அறிக்கை வெளியிட்டார்கள். இன்னும் நிமிர்ந்து நிற்கும் குடும்பங்கள், எல்லாம் விட்டுப்போச்சு என்று சுருண்டுவிட்ட குடும்பங்கள் என்றெல்லாம் பிரித்துவிட்டு வருமானத்தைப் பார்த்தால், நிமிர்ந்து நின்ற வீடுகளில் ஆள் கணக்குக்கு மாதம் சராசரி 34 ஷில்லிங், சுருண்ட வீடுகளில் 19. அந்த 15 ஷில்லிங்கைப் பார்க்காமல் "மனசைத் தளர விடாதீங்க" என்று பேச எனக்கு வாய் வருவதில்லை.

அரசு உதவித்தொகையைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள், உள்ளதைச் சொல்லிவிடுங்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 வருஷம் காத்திருந்தவர்களுக்குத்தான் அது. பத்தாவது தேறியவருக்கு மாதம் 300 ரூபாய், பட்டதாரிக்கு 600. அதை நம்பி அடுப்பு எரியாது. ஆனால் கோரிமேட்டில் இருக்கும் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போகச் சொல்ல வேறு காரணங்கள் உண்டு. தனியார் நிறுவனங்கள் வரும் முகாம் அங்கே நடக்கும், போட்டித் தேர்வுக்குத் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பு உண்டு.

"ஒண்ணும் தெரியாதுங்க"

"உங்களுக்கு என்னென்ன வேலை தெரியும்?" என்று கேட்காதீர்கள். "இதைத் தவிர ஒண்ணும் தெரியாதுங்க" என்றுதான் பதில் வரும். பொய்யில்லை, அவர் நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறார்.

சிவதாபுரம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். நாற்பது தாண்டியவர். கொலுசுக் கண்ணிகளைத் தீயில் சூடாக்கிப் பற்ற வைத்து இணைக்கிற வேலை. வெள்ளி விலை ஏறினால் கொலுசு வாங்குகிறவர்கள் எடையைக் குறைப்பார்கள், அல்லது அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விடுவார்கள். பட்டறையில் வாரத்துக்கு இரண்டு நாள் வேலையாகச் சுருங்கி, அதுவும் நின்றுவிட்டது. நான் கேட்டது இதுதான்.

"காலையில பட்டறைக்குள்ள போனதும் முதல்ல எதைக் கையில எடுப்பீங்க?"

"எதை எடுக்கறதுங்க... கேஸ் டியூப்ப பார்ப்பேன். ஒழுகுதான்னு சோப்புத் தண்ணி வெச்சுப் பார்த்துட்டுத்தான் பத்த வைப்பேன்."

"அப்புறம்?"

"பொடியும் வெண்காரமும் கலந்து, கோத்த எடத்துல வெச்சு ஊதணும்."

"எவ்வளவு நேரம்?"

"நேரமெல்லாம் கெடையாதுங்க மேடம். நெறம்தான். வெள்ளி செவக்கும், பொடி பளிச்சுனு தண்ணியா ஓடும். அப்ப தீயை எடுத்துடணும். ஒரு நொடி விட்டா கண்ணியே உருகிடும்."

"ஒரு நாளைக்கு எத்தனை வீணாப் போகும்?"

அதுவரை தரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். கோபம் வந்துவிட்டது. "வீணாக்கினா எப்படிங்க? கொடுத்த எடைக்குக் கணக்குக் காட்டணும்ல?"

இந்தக் கோபம் வரும் இடத்தைத் தவறவிடாதீர்கள். ஒருவருக்குத் தன் வேலையின் மேல் எங்கே ரோஷம் இருக்கிறதோ, அங்கேதான் அவருடைய திறமை இருக்கிறது. அவர் சொன்னதை அவர் எதிரிலேயே எழுதி வாசித்துக் காட்டினேன். கேஸ் கசிவு சோதனை தெரியும். நிறம் பார்த்துச் சூடு கணித்து மெல்லிய உலோகத்தைப் பற்ற வைக்கத் தெரியும். கொடுத்த பொருளுக்கு எடைக் கணக்கு ஒப்படைத்துப் பழக்கம். "இது யாருங்க?" என்று சிரித்தார்.

ஏசி, ஃபிரிட்ஜ் மெக்கானிக்குகள் செப்புக் குழாயை இணைப்பதும் இதே வித்தைதான். குழாயை உருக்காமல் அதைவிடச் சீக்கிரம் உருகும் கம்பியை இளக்கி இடுக்கில் ஓடவிட வேண்டும். அவர்கள் பயன்படுத்தும் கம்பிகளில் சிலவற்றில் வெள்ளியே கலந்திருக்கும். கசிவுக்குச் சோப்பு நுரை வைத்துப் பார்ப்பதும் அங்கே உண்டு. கேஸ் நிரப்புவதும் மின்சார வேலையும் அவருக்குத் தெரியாது, அது படிக்க வேண்டியது. ஆனால் புதிதாகச் சேரும் பையன் மாதக்கணக்கில் தடுமாறும் அந்தத் தீ வேலை இவர் கையில் ஏற்கெனவே இருக்கிறது. கோடைக்கு முன்னால் சர்வீஸ் கடைகளுக்கு ஆள் வேண்டும். உதவியாளாகப் போய்ப் பார்க்கலாம் என்பது அவருக்கு ஒரு வழி. கொலுசுக் கடையில் சரக்கு சரிபார்க்கும் வேலை இன்னொன்று. ஆர்டர் திரும்பினால் பட்டறை மூன்றாவது. எதில் போவார் என்று நான் முடிவு செய்யவில்லை. அது நம் வேலையும் இல்லை.

இப்படிப் பேசுவதற்கு நேரம் பிடிக்கும், தொழிலைப் பற்றி உங்களுக்கும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பாவு பிணைக்கிறவரிடம் பேசப் போகிறீர்கள் என்றால் ஒரு நாள் போய்த் தறிக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

இரண்டாவது வழி

கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் சி. ஆர். ஸ்னைடர் என்று ஒரு உளவியலாளர் இருந்தார். நம்பிக்கையை அளக்க முடியுமா என்று பார்த்து, 1991இல் தன் குழுவோடு 12 வரிகள் கொண்ட ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார். அதில் 4 வரி, எடுத்த காரியத்தை விடாமல் செய்யும் உந்துதலைப் பற்றி. 4 வரி, சிக்கலில் வழி கண்டுபிடிப்பதைப் பற்றி. மீதி 4 சும்மா கலந்து வைத்தவை. அவர் கணக்கில் போக வேண்டிய இடம், போகிற வழி, போவேன் என்கிற தெம்பு மூன்றும் சேர்ந்தால்தான் நம்பிக்கை. நம் ஊரில் மோட்டிவேஷன் பேச்சாளர்கள் மூன்றாவதை மட்டும் மைக் போட்டு ஊதுகிறார்கள். வழி தெரியாதவனுக்குத் தெம்பை மட்டும் ஏற்றினால் அரங்கத்தை விட்டு வெளியே வந்து பஸ் ஏறுவதற்குள் இறங்கிவிடும்.

என் அனுபவத்தில் வழியிலிருந்து ஆரம்பித்தால் தெம்பு தானாக வரும். அதுவும் இரண்டாவது வழி. ஒரே வழி இருந்தால் அது அடைபடும் நாளில் ஆளே உடைந்துவிடுகிறார். அதனால் எந்த இலக்கை எழுதினாலும் பக்கத்தில் "இது நடக்கலைன்னா" என்று ஒரு கட்டம் போடுவேன். அதை நிரப்பாமல் அன்றைய பேச்சை முடிப்பதில்லை.

இளம்பிள்ளையிலிருந்து ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். பெண் பி.இ. முடித்து, ஆஃபர் லெட்டர் வாங்கி, சேரும் தேதி தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருக்கிறது. நான் பெண்ணைக் கேட்டால் அப்பா பதில் சொல்கிறார். "நாலு வருஷம் படிக்க வெச்சேங்க. லெட்டரு இருக்குது, வேலை இல்ல. வூட்டுல சும்மாதான் உக்காந்திருக்கறா." பெற்றவர்களை விரட்டக் கூடாது. செலவழித்தவர் அவர், ஊர் வாயில் விழுகிறவரும் அவர். ஆனால் அவர் பக்கத்தில் இருக்கும்வரை அந்தப் பெண் பேசமாட்டாள். "அண்ணா, உங்ககிட்ட தனியா பத்து நிமிஷம் பேசணும், அதுக்கு முன்னாடி பாப்பாகிட்ட ஒரு ஃபாரம் எழுதி வாங்கிக்கறேன், கீழ டீ சாப்பிட்டுட்டு வர்றீங்களா?" என்றால் கௌரவமாக எழுந்து போவார். சொன்னபடி பிறகு அவரிடமும் தனியாகப் பேச வேண்டும், இதை மறக்கவே கூடாது.

தனியாக இருந்தபோது அந்தப் பெண் சொன்னாள். சித்தப்பாவின் சேலைகளை வாட்ஸாப்பில் போட்டு ஆர்டர் எடுப்பது, பில் போடுவது, கூரியருக்குக் கட்டுவது, திரும்பி வந்த சரக்குக்குச் சமாதானம் பேசுவது எல்லாம் அவள்தான். சம்பளம் கிடையாது. வீட்டில் அதன் பெயர்தான் "சும்மா இருப்பது". பிறகு இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்துத் தாளில் எழுதினோம். கம்பெனிக்குச் சேரும் தேதியைக் கேட்டு ஒரு மின்னஞ்சல், அதற்கு ஒரு கெடு. அந்தத் தேதிக்குள் பதில் வராவிட்டால் பட்டதாரிகளுக்கான தேசியத் தொழிற்பழகுநர் திட்டத்தில் விண்ணப்பம், ஓசூர், கோயம்புத்தூர் கம்பெனிகள் உட்பட. இரண்டுக்கும் நடுவில் இளம்பிள்ளையிலேயே ஆன்லைன் விற்பனை செய்யும் ஒரு கடையில் சம்பளத்துக்கு. சித்தப்பாவும் இனி மாதா மாதம் ஏதாவது கொடுக்க வேண்டும் என்று எழுதச் சொன்னது அப்பாதான். எனக்கு அந்த ஒரு வரிக்காகவே அவரைப் பிடித்துப்போனது.

ஏற்காட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தத் தாள் வேறு மாதிரி. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து, பேசி, சாயங்கால பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மலையில் வருஷம் முழுக்க ஒரே வேலை என்பது அரிது. அதனால் பன்னிரண்டு மாதத்தையும் கட்டம் போட்டு எழுதுவேன். நவம்பர் வாக்கிலிருந்து காப்பிப் பழம் பறிப்பு, அது முடிகையில் மிளகு, ஏப்ரல் மேயில் சுற்றுலாக் கூட்டம், விடுதிகளில் ஆள் தேவை, மழைக்கு முன் நிழல் மரம் கழிப்பு. வெறுமையாக நிற்கும் மாதங்கள் எவை என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். பயிற்சியோ லைசென்ஸோ அந்த மாதங்களில். எஸ்டேட் வேலையை விடாமலேயே ஒரு பையன் டிரைவிங் முடிக்கலாம் என்பது கட்டம் போட்டபின்தான் இரண்டு பேருக்குமே தெரிகிறது.

கனவைக் குறைக்காமல் கணக்கைச் சொல்வது

"குரூப் ஃபோர் பாஸ் பண்ணிட்டா போதும் மேடம்." வாரத்துக்கு ஒரு தடவையாவது இதைக் கேட்கிறேன். 2025 குரூப் 4 அறிவிப்பில் இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். இடங்கள் பிறகு கூடலாம், கூடியும் இருக்கின்றன, ஆனாலும் கணக்கு கணக்குதான். இதைச் சொன்னால் பிள்ளைகள் மனசு ஒடிந்துவிடும் என்று சில ஆசிரியர்கள் மறைக்கிறார்கள். நான் சொல்லிவிடுவேன், ஆனால் தனியாக அந்த எண்ணை மட்டும் சொல்லமாட்டேன். எத்தனை தேர்வு வரைக்கும் எழுதப் போகிறாய், அந்த வயதுக்குள் கையில் வேறு என்ன இருக்க வேண்டும், இப்போது மாதிரித் தேர்வில் எத்தனை மார்க் என்று கூடவே கேட்பேன். மார்க் ஏறிக்கொண்டே வருகிறவரிடம் "எழுது" என்பேன். மூன்று வருஷமாக ஒரே மார்க்கில் நிற்பவரிடம் தாளைத் திருப்பி இரண்டாவது கட்டத்தைக் காட்டுவேன்.

நல்லதையே நினைத்தால் நல்லதே நடக்கும் என்பவர்களுக்கு ஒரு தகவல். காப்ரியேல ஓட்டிங்கன் என்ற ஜெர்மன் உளவியலாளர், படிப்பு முடித்து வேலை தேடுகிறவர்களை இரண்டு வருஷம் பின்தொடர்ந்து பார்த்து 2002இல் முடிவை வெளியிட்டார். நல்ல வேலையில் உட்கார்ந்திருப்பதாக அடிக்கடி கற்பனையில் மிதந்தவர்கள் குறைவாக விண்ணப்பித்திருந்தார்கள். கிடைத்த வேலையும் சம்பளமும் குறைவு. அதே ஆட்களில், எனக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பு உண்டு என்று நிதானமாகக் கணித்தவர்கள் நன்றாகவே தேறினார்கள். ஆகவே "கண்ணை மூடி நீங்க ஆபீஸரா உக்காந்திருக்கற மாதிரி நினைச்சுப் பாருங்க" என்கிற பயிற்சியை எல்லாம் என் அறையில் நான் வைத்துக்கொள்வதில்லை.

கிழமையும் நேரமும்

மரியன்தாலில் இன்னொன்றும் பார்த்தார்கள். தெருவில் நடக்கும் ஆண்களின் நடை மெதுவாகிவிட்டது, வழியில் நின்று நின்று போனார்கள். நூலகத்தில் கட்டணத்தை எடுத்துவிட்டும் புத்தகம் எடுப்பவர்கள் குறைந்தார்கள். நேரம் கொட்டிக் கிடந்தது, ஒன்றுக்கும் உதவவில்லை. அதனால் "இந்த வாரம் விண்ணப்பிக்கிறேன்" என்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள். "செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, பெரியவனை ஸ்கூல்ல விட்டுட்டு, நாலு ரோடு கடைக்குப் போய்க் கேட்கிறேன்" என்று அவர் வாயாலேயே வர வேண்டும். வாரத்துக்கு மூன்று வேலைக்கு மேல் கொடுக்காதீர்கள். அதில் ஒன்று கட்டாயம் முடியக்கூடியதாக இருக்கட்டும், சான்றிதழ் நகல் எடுப்பது மாதிரி.

பெண்களுக்கு இந்த அட்டவணை வேறு. வேலை போன ஆண் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் நிற்பார், வேலை போன பெண்ணின் தலையில் மறுநாளே வீட்டு வேலை முழுக்க வந்து விழுந்துவிடும். வேலை தேட அவளுக்குத் தினம் ஒரு மணி நேரம் யார் விட்டுக்கொடுப்பது என்பதையும் தாளில் எழுதுங்கள், பெயரோடு.

யாரைக் கேட்பது

மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் எழுதியது இந்த ஊருக்காகவே எழுதியது போல இருக்கும். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்ப்பவர் மூலம் கிடைத்தது ஆறில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் எப்போதாவது பார்க்கிறவர்கள் மூலம். காரணம் எளிது. மச்சானுக்குத் தெரிந்த வேலை ஏற்கெனவே நமக்கும் தெரிந்திருக்கும். ஆலைக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கொண்டு வந்தவர், பழைய சூப்பர்வைசர், பேல் ஏற்ற வந்த சங்ககிரி லாரி டிரைவர், இவர்கள் போய் வரும் இடங்கள் வேறு.

நம் ஆட்களுக்குக் கேட்பதில்தான் கூச்சம். அதனால் செய்தியை நானே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். "அண்ணா வணக்கம், முன்னாடி மில்லுல வைண்டிங்ல இருந்தேன், ஞாபகம் இருக்கும்னு நினைக்கிறேன். இப்ப வேலை மாறப் பார்க்கிறேன். நீங்க போற இடத்துல மெஷின் ஆபரேட்டர் ஆள் கேட்டா என் நம்பரைக் கொடுங்க. சேலத்துல இருந்து அம்பது கிலோமீட்டர் வரைக்கும் வருவேன்." இவ்வளவுதான். கஷ்டத்தைக் கொட்டவில்லை, வேலை போட்டுத் தரச் சொல்லவில்லை. எந்த வேலை, எவ்வளவு தூரம் என்பது தெளிவாக இருந்தால்தான் அவருக்கும் யாரிடமாவது சொல்ல வரும்.

நம்பிக்கை விற்கிறவர்கள்

கஷ்ட காலத்தில் வேலையைவிட வேகமாக வந்து சேர்பவர்கள் இவர்கள்தான். வேலைக்கு முன்பணம் கேட்பவன், டெலிகிராமில் லைக் போட்டால் காசு என்பவன், தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி என்று சுற்றுலா விசாவில் அனுப்புகிறவன். அந்தக் கடைசி வகையில் போய் மியான்மரிலும் கம்போடியாவிலும் இணைய மோசடிக் கூடங்களில் மாட்டிய தமிழ்ப் பிள்ளைகளை அரசு மீட்டுக் கொண்டுவர வேண்டியிருந்தது. வெளிநாட்டு வேலை என்றால் ஏஜென்ட், மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவு பெற்றவரா என்று உங்கள் எதிரிலேயே பார்த்துவிடுங்கள். பணம் போய்விட்டது என்றால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன், நாளைக்கு என்று தள்ளக் கூடாது. ஏமாந்தவரைத் திட்டாதீர்கள். வீட்டில் ஏற்கெனவே வாங்கியிருப்பார்.

நம் கையை மீறியது

சில பேரிடம் எந்தத் தாளும் வேலை செய்யாது. தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, கடன்காரன் போன் வந்தால் கை நடுங்குகிறது, "நான் இல்லாமப் போனா இன்சூரன்ஸ் பணமாவது வரும்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். அதைச் சிரிப்பாக எடுக்காதீர்கள். "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, பெரும்பாலும் கேட்டதே அவருக்கு ஆறுதல். ஆமாம் என்றால் ரெஸ்யூமேயை மூடி வையுங்கள், தனியே அனுப்பாதீர்கள். 14416 என்பது டெலி மனஸ் என்கிற அரசு மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. உங்கள் போனிலிருந்தே போட்டுக் கொடுங்கள். வீட்டு ஆள் ஒருவர் வரும்வரை கூட இருங்கள்.

தொடர்ந்து பார்ப்பது

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு போன். "வேலை கிடைச்சுதா?" என்று கேட்காதீர்கள், அதை ஊரே கேட்கிறது. "செவ்வாய்க்கிழமை நாலு ரோடு கடைக்குப் போனீங்களே, என்ன சொன்னாங்க?" என்று கேளுங்கள். போகவில்லை என்றால் ஏன் என்று குடையாமல் வேறு கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு தடவை போகவில்லை என்றால் அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தம், இலக்கை மாற்றுங்கள். போன் எடுக்கவில்லை என்றால் ஒரு செய்தி, மறு வாரம் இன்னொன்று. அதற்கு மேல் நான் துரத்துவதில்லை, ஆனால் தாளைக் கிழிப்பதும் இல்லை. மாதங்கள் கழித்து வந்து "மேடம், அந்தத் தாள் இருக்குங்களா?" என்று கேட்டவர்கள் உண்டு.

வேலை கிடைத்தவர்களை அத்தோடு விட்டுவிடாதீர்கள். முதல் சம்பளம் வந்ததும் ஒரு போன் போட்டு, சொன்ன சம்பளம் வந்ததா, பிஎஃப் பிடிக்கிறார்களா என்று கேளுங்கள். மூன்றாம் மாதம் இன்னொரு போன். அப்போது அங்கே ஆள் எடுக்கிறார்களா, யாரைப் பார்க்க வேண்டும், உங்கள் பெயரைச் சொல்லி ஒருவரை அனுப்பலாமா என்று கேட்டு எழுதி வையுங்கள்.